உறையும் நேரத்தின் விலை: செங்கல்பட்டு – மாமல்லபுரம் வட்டாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பணம் தருவது யார்?

1. ஒரே சீட்டு, நான்கு கணக்கு

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தச் சாலையைச் சுற்றி வாழும் நான்கு பேருக்கு மருத்துவர் ஒரே பரிசோதனையை எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் இருப்பது ‘பி.டி.–ஐ.என்.ஆர்.’, ரத்தம் உறைய எத்தனை நொடி பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை.

முதலாமவர் கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஊழியர். துறையின் பங்களிப்பு மருத்துவத் திட்டத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. அது போக, துறை மருத்துவமனையில் கைக்காசு எடுக்காமலே ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாமவர் மறைமலைநகர்த் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளம் வாங்குபவர். அவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. புறநோயாளியாகப் போய்ச் செய்துகொள்ளும் பரிசோதனையும் அதில் அடக்கம். மூன்றாமவர் மீனவர் குப்பத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் அவர் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு லேபில் பார்த்தால் அட்டை செல்லாது. நான்காமவர் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடை வைத்திருப்பவர்; ஆண்டுதோறும் பல ஆயிரம் ரூபாய் பிரீமியம் கட்டி மருத்துவப் பாலிசி வைத்திருக்கிறார். அவரும் லேபில் கைக்காசுதான் தர வேண்டும்.

தனியார் லேப்களில் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் 200 முதல் 600 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்றாலே லட்சங்களில் பேசிப் பழகிய காலத்தில் இது சிறு தொகை. இந்தச் சிறு தொகையை யார் தருகிறார்கள், யார் தர மறுக்கிறார்கள், மறுப்பதால் என்ன விளைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரையான புரிதல்

இந்தியாவில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு ஓர் அச்சத்திலிருந்து பிறந்தது. ஒரே ஒரு பெரிய அறுவை சிகிச்சை ஒரு குடும்பத்தையே கடனில் மூழ்கடித்துவிடும் என்ற அச்சம் அது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு புதுப்பிக்கப்பட்ட இன்றைய திட்டமும் அந்த வழியில் வந்தவை. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டோர் சேரலாம். 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பேரிடியான செலவைக் காப்பீடு ஏற்கட்டும், சில்லறைச் செலவைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இதற்கு நேர் எதிரான வாதமும் பழையதுதான். திட்டக்குழு அமைத்த, கே. ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்மட்ட நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, காப்பீட்டு நிறுவனங்களை நடுவில் வைக்காமல் வரிப்பணத்தைக் கொண்டு அரசே மருத்துவ வசதியை அளிக்க வேண்டும், ஆரம்ப நிலை மருத்துவத்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது. படுக்கைக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு, படுக்கைக்குப் போகாமல் தடுக்கும் மருத்துவத்தைப் பட்டினி போடும் என்பது இத்தரப்பின் கவலை.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகத் தருவது 2014–15இல் 62.6 சதவீதமாக இருந்து 2021–22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் சட்டைப்பையிலிருந்தே வருகிறது. அந்தப் பங்கு எப்படிச் சேர்கிறது என்பதைத் தேசியச் சராசரி காட்டாது. ஒரு சோதனையை எடுத்து அதன் பின்னாலேயே போனால்தான் தெரியும். உறைதல் சோதனை அதற்குப் பொருத்தமானது. மலிவானது, திரும்பத் திரும்பத் தேவைப்படுவது, விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தானது.

3. நீல மூடிக் குழாய்

முழங்கையின் உட்புறத்தில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தம், வெளிர்நீல மூடி போட்ட சிறு குழாய்க்குள் போகிறது. குழாயில் ஏற்கெனவே சோடியம் சிட்ரேட் கரைசல் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு, 2.7 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 0.3 மில்லி லிட்டர். குழாயின் பக்கவாட்டில் உள்ள கோடு வரை ரத்தம் வந்தாக வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் அரைக் குழாய் எடுத்து அனுப்பினால் சிட்ரேட்டின் விகிதம் கூடி, உறைய இல்லாத தாமதத்தைக் கருவி காட்டும். அந்தப் பிழையான எண்ணைப் பார்த்து மருத்துவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைப்பார். குறைத்தால், செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்கு வால்வில் ரத்தக்கட்டி சேரலாம். ரத்தம் எடுப்பவரின் பயிற்சியும் இந்தச் சோதனையின் விலையில் ஒரு பகுதி; ரசீதில் அதற்குத் தனி வரி கிடையாது.

குழாயைச் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை 37 டிகிரி செல்சியஸில் வைத்து, உறைதலைத் தூண்டும் திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, உறையும் நொடிகளை எண்ணுகிறார்கள். அமெரிக்க மருத்துவர் அர்மண்ட் குயிக் 1935இல் வெளியிட்ட முறையே இன்றும் இதன் உயிர்நாடி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் திராம்போபிளாஸ்டின் வெவ்வேறு வேகத்தில் வேலை செய்யும். அதனால் ஒரே ரத்தத்துக்கு லேபுக்கு ஒரு விடை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஐ.என்.ஆர். என்ற பொது அளவு இதைத் தீர்த்தது. நோயாளியின் நொடிகளை இயல்பான நொடிகளால் வகுத்து, அந்த மருந்துப்பொருளின் உணர்திறன் எண்ணை அடுக்காகப் போட வேண்டும். நோயாளிக்கு 24 நொடி, இயல்பு 12 நொடி என்றால் விகிதம் 2. உணர்திறன் எண் 1.0 ஆக இருந்தால் ஐ.என்.ஆர். 2.0; 1.4 ஆக இருந்தால் 2.64. மருந்துப்பொருள் பெட்டி மாறும்போது புதிய எண்ணைக் கருவியில் ஏற்ற மறந்தால் ஒரு நாள் முழுக்க எல்லோருக்கும் தவறான விடை போகும்.

செலவின் உள்கணக்கும் இங்கேதான் இருக்கிறது. திராம்போபிளாஸ்டின் குப்பியைக் கலக்கித் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும். நோயாளி ஒருவர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும், கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளை அன்றன்று ஓட்ட வேண்டும். நாளைக்கு நூறு மாதிரி பார்க்கும் பெரிய லேபில் ஒரு சோதனையின் அடக்கவிலை சரிந்துவிடும். இரண்டு மாதிரி பார்க்கும் ஊரக லேபில் குப்பியின் பாதி வீணாகும். எனவே சின்ன ஊர்களில் பல லேப்கள் ரத்தத்தை எடுத்துப் பெருநகர லேபுக்கு அனுப்பும் சேகரிப்பு மையங்களாகவே இயங்குகின்றன. விலையில் மையத்தின் பங்கும் போக்குவரத்தும் ஏறுகின்றன. விடை வர மாலையாகிறது. சோதனை எழுதிக் கொடுப்பதற்காக மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகவே தடுக்கின்றன. கமிஷன் எங்கே கைமாறினாலும் அது நோயாளி தரும் விலைக்குள் ஒளிந்துதான் வரும்.

4. காப்பீடு எங்கே நின்றுவிடுகிறது

தனியார் மருத்துவப் பாலிசிகளின் பொதுவான அமைப்பைப் பார்க்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதலில் 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்கத் தொடங்கிய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இதற்கு நல்ல மாதிரி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவு கிடைக்கும். சேர்வதற்கு முந்தைய 30 நாட்களும், வீடு திரும்பிய பின் 60 நாட்களும் அந்த நோய்க்கான பரிசோதனைகளுக்கும் பணம் உண்டு. அறுபத்தோராம் நாளிலிருந்து நோயாளி தனி ஆள். பரிசோதனைக்காக மட்டுமே படுக்கையில் சேர்ந்து பணம் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ‘ஆய்வும் மதிப்பீடும்’ என்ற தலைப்பில் ஆணையமே வகுத்துத் தந்த நிலையான விலக்கு எல்லாப் பாலிசிகளிலும் இருக்கிறது. புறநோயாளிச் செலவுக்குக் கூடுதல் பிரீமியத்தில் தனிச் சேர்க்கை விற்கிறார்கள், வாங்குவோர் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது, பரிசோதனைப் பொருட்களுக்கான வரி 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பாலிசியின் எல்லைக்கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கான 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாயும், ஓய்வூதியருக்கான 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாயும் பிடிக்கிறார்கள். இவையும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே. வெளிச் செலவுக்கென்று மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி தனியாக வருகிறது. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டிய ஓய்வூதியருக்கு அந்தப் படி ஒரு தடவை ரத்தம் கொடுப்பதோடு தீர்ந்தது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். 2012இல் தொடங்கியபோதே அதன் பட்டியலில் 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளும் 23 பரிசோதனைகளும் இருந்தன. அறுவைக்குப் பிறகும் நோயாளி இருக்கிறார் என்பதை வகுத்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் இத்திட்டம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கும் முன் அனுமதிக்கும் கட்டுப்பட்டது. காலையில் வலை இழுக்கப் போவதற்கு முன் குப்பத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய ஒருவருக்கு அந்த ஏற்பாடு எட்டாது. ‘கார்டு செல்லுமா?’ என்று கேட்டால் லேபில் தலையைத்தான் அசைப்பார்கள்.

ஒரே சோதனை ஆஸ்பத்திரிக்குள் இரண்டு முகம் காட்டுவதையும் கவனிக்க வேண்டும். அரசுக் காப்பீட்டில் ஓர் அறுவைக்கு மொத்தமாக ஒரு தொகுப்புத் தொகை. அதற்குள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் மருத்துவமனைக்குச் செலவு, எனவே குறைக்கத் தோன்றும். பக்கத்துப் படுக்கையில் தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சோதனையும் பில்லில் தனி வரி. மருத்துவமனைக்கு அது வருமானம், எனவே கூட்டத் தோன்றும். பிரிட்டனின் ரத்தவியல் தர நிர்ணயக் குழு 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாக உறைதல் சோதனை செய்யத் தேவையில்லை, ரத்தப்போக்கு வரலாற்றை நன்றாகக் கேட்டாலே போதும் என்கிறது. தேவையற்றவருக்குக் காப்பீட்டுப் பணத்தில் சோதனை நடக்கிறது. கட்டாயம் தேவைப்படுபவர் தன் காசில் செய்துகொள்கிறார், அல்லது தள்ளிப்போடுகிறார். இந்த முரண்தான் இப்பொருளின் மையம்.

5. வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு

யாருக்குக் கட்டாயம் தேவை? சிறு வயதில் தொண்டைப் புண்ணோடு வரும் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் இதில் முதல் வரிசை. நெரிசலான வீடுகளிலும் வறுமையிலும் வளரும் நோய் இது. வால்வை மாற்றிச் செயற்கை வால்வு பொருத்தினால் பிழைப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய டி.டி.கே. சித்ரா வால்வு, இறக்குமதி வால்வின் விலைக்கு மாற்றாக வந்த இந்தியச் சாதனை. அரசுக் காப்பீடு வந்தபின் அந்த அறுவையும் கைக்காசில்லாமல் நடக்கிறது. வால்வை மலிவாக்கினோம், அறுவையை இலவசமாக்கினோம். இவை பெருமைப்பட வேண்டியவை, ஐயமில்லை.

உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போட வேண்டும். வார்ஃபரின், அல்லது நம் ஊரில் பரவலாக எழுதித் தரப்படும் அசெனோகூமரால். வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து 1954இல் மனிதருக்கு மருந்தானது. அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை அதன் வரலாறே சொல்லிவிடுகிறது. ஐ.என்.ஆர். பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்; மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம் வரலாம். கூடினால் மூளையில், குடலில் ரத்தம் கசியலாம். முருங்கைக் கீரை ஒரு வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் கே எண்ணை இறக்கிவிடும். பல்வலிக்கோ காய்ச்சலுக்கோ வாங்கிப் போடும் சில மாத்திரைகள் ஏற்றிவிடும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் உளி பிடிப்பவருக்கோ, மீன் வெட்டும் பெண்ணுக்கோ கையில் கீறல் விழாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு எண் 5 என்று வந்தால் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தை உலோக வால்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ரீ–அலைன் ஆய்வு, தீங்கு கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டுத் துடிப்பும் தாறுமாறானவர்களிடம் 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. 4,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அதில், ரிவராக்ஸபானை விடப் பழைய வகை மாத்திரையே உயிரை அதிகம் காத்தது. வசதியான நாடுகளில் முதுமையால் இதயத் துடிப்பு மாறியவர்கள் இந்தச் சோதனையிலிருந்து விடுபட்டு வருகிறார்கள். வறுமையின் நோயைச் சுமப்பவர்கள் அதனோடு கட்டுண்டே இருக்கிறார்கள். நோயாளிகளிலேயே ஏழைகளுக்கு மிஞ்சிய சோதனை இது. அதற்குத்தான் காப்பீட்டில் இடம் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண் நிலையாக இருப்பவருக்கே மாதம் ஒரு சோதனை வழக்கம். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒன்றுகூட ஆகும். தனியார் லேபில் 300 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,600 ரூபாய். காப்பீட்டு அட்டைக்கான வருமான உச்சவரம்பான 1,20,000இல் இது 3 சதவீதம். அதைவிடக் குறைந்த வருமானக் குடும்பத்தில் சதவீதம் ஏறும். மாத்திரையின் விலை இதைவிடக் குறைவு. வார்ஃபரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு விலை உச்சவரம்பும் உண்டு.

இலவசமாகப் பார்க்கச் செங்கல்பட்டு போகலாமே என்றால், அந்த இலவசத்துக்கும் விலை இருக்கிறது. 1965இல் தொடங்கிய அந்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை மாவட்டத்தின் பெரிய நம்பிக்கை. காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, விடை வாங்கி, மருத்துவரிடம் காட்டி, மாத்திரை பெற்றுத் திரும்ப ஒரு பகல் போய்விடும். 2025–26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். மிகக் குறைந்த கூலியாக அதை எடுத்துக்கொண்டாலும், ‘இலவச’ச் சோதனையில் இழக்கும் கூலி தனியார் லேபின் கட்டணத்தைத் தாண்டுகிறது. கட்டணமில்லாப் பயணம் உள்ள நகரப் பேருந்து அமைந்தால் பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவு மிச்சம். துணைக்கு வரும் ஆணுக்கும் போகும் நாளுக்கும் அப்படி ஒரு சலுகை இல்லை.

6. வடநெம்மேலியும் இருபது நிமிடமும்

உறைதல் சோதனைக்கு விலையே இல்லாத ஒரு வடிவமும் உண்டு. அதற்கும் இந்தக் கடற்கரைக்கும் நெருங்கிய தொடர்பு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978இல் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்து உற்பத்தி பெரிதும் இந்தச் சங்கத்தின் நஞ்சையே நம்பியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் பொருட்களைச் செலவழித்துத் தீர்த்துவிடும். கடிபட்டவருக்குச் செய்வது இருபது நிமிட முழு ரத்த உறைதல் சோதனை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி லிட்டர் ரத்தம் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து தேவை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கிறார்கள். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவிலும் செய்யலாம். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான பெரும் ஆய்வு கணித்தது; தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எத்தனை உயிர் இந்தக் குழாயைச் சார்ந்திருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

செலவில்லாத சோதனைக்குச் செலவே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இலங்கை மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான பணிச்சூழலில் இச்சோதனை உறைதல் கெட்டவர்களில் 40 சதவீதத்தினரையே கண்டுபிடித்தது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாய், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், இருபது நிமிடம் ஆகுமுன் சாய்த்துப் பார்ப்பது போன்றவை விடையைக் கெடுப்பவை. பயிற்சி பெற்றோர் ஒழுங்காகச் செய்தபோது அதே நாட்டில் 82 சதவீதம் வரை எட்டியது என்று 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. குழாயின் விலை இரண்டு ஆய்வுகளிலும் ஒன்றே. பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் ஒருவர் பணம் தந்திருக்கிறார், அதுவே வேறுபாடு.

இதே நஞ்சு பெருநகர லேபுக்குள் வேறு வடிவத்தில் நுழைகிறது. கண்ணாடி விரியனின் நஞ்சை நீர்த்துச் சேர்த்து உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனையைத் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ ஆகியோர் 1986இல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்படும் பெண்களிடமும், காரணமில்லாமல் ரத்தம் கட்டுபவர்களிடமும் ஒருவகை எதிர்ப்பொருளைத் தேட அது உதவுகிறது. தனியார் லேபில் அதன் கட்டணம் பி.டி.யைப் போலப் பல மடங்கு. அதுவும் பெரும்பாலும் புறநோயாளிச் சோதனை. எனவே அதுவும் கைக்காசு.

7. விலையை நிர்ணயிப்பவர்

மாத்திரைக்கு உச்ச விலை உண்டு, சோதனைக்கு இல்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்தது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. பதிவு, வசதி, ஆட்கள் பற்றிப் பேசும் அச்சட்டம் கட்டணத்தைக் கட்டிப்போடவில்லை. மருத்துவ நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டத்தின் கீழ்க் கட்டண வரம்பு வகுக்க விதி இருந்தும் நடைமுறைக்கு வராததை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது.

முடியாது என்பதற்கில்லை. கொரோனா காலத்தில் 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு தனியார் லேப்களில் ஆர்.டி.–பி.சி.ஆர். கட்டணத்தை 1,200இலிருந்து 900 ரூபாயாகவும், காப்பீட்டு அட்டைதாரருக்கு 800இலிருந்து 550 ஆகவும் இறக்கியது. அடுத்த மாதம் தெலங்கானா அரசு டி–டைமர் சோதனைக்கு 300 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. டி–டைமரும் உறைதல் தொடர்பான சோதனையே. தொற்று முடிந்ததும் அந்த விலைக் கட்டுப்பாட்டின் தேவை குறித்த பேச்சும் முடிந்துபோனது.

அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களின் குழப்பம் உலகறிந்தது. ஆனாலும் அங்கே முதியோருக்கான மெடிகேர் திட்டம் பி.டி. சோதனைக்கு லேபுக்குத் தருவது 4.29 டாலர், நோயாளியின் பங்கு பூஜ்யம். 2014இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தமக்கு என்ன தருகின்றன என்பதை லேப்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை வைத்து 2018 முதல் கட்டணம் வகுத்தார்கள். அந்தக் கட்டணம் சரியா என்று லேப்கள் இன்றும் வாதிடுகின்றன. வாதிடுவதற்குப் பொதுவில் ஓர் எண் இருக்கிறது. நம்மிடம் மத்திய அரசு ஊழியர் திட்டம் அவ்வப்போது கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. 2025 அக்டோபரில் ஏறத்தாழ 2,000 இனங்களுக்கு அதைத் திருத்தினார்கள். தரச்சான்று பெறாத நிறுவனத்துக்கு 15 சதவீதம் குறைவு என்ற நியாயமான வேறுபாடும் அதில் உண்டு. அந்தப் பட்டியல் ஊழியருக்கு மட்டும் உரியது. குப்பத்து லேபில் நிற்பவருக்கு அது பேரம் பேசக்கூட உதவாது.

8. மறுப்புகளும் வாய்ப்புகளும்

வெளிநோயாளிச் சோதனைகளைக் காப்பீட்டில் சேர்த்தால் பிரீமியம் வானத்துக்குப் போகும், மோசடி பெருகும் என்பது நிறுவனங்களின் மறுப்பு. எல்லாச் சோதனைகளுக்கும் கதவைத் திறந்தால் அந்த அச்சம் நியாயமே. ஐ.என்.ஆர். வேறு வகை. யாருக்குத் தேவை என்பது ஆஸ்பத்திரிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது, ஏனென்றால் அந்த வால்வுக்குப் பணம் தந்ததே இதே திட்டம். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு மருத்துவ வரையறை உண்டு. ஒரு பேச்சுக்கு, 500 குடும்பத்தில் ஒருவர் மாதந்தோறும் 300 ரூபாய்க்குச் சோதனை செய்கிறார் என்று வைத்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் 20 காசு. 849 ரூபாய் பிரீமியத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அரசு மொத்தமாகப் பேசி வாங்கினால் இன்னும் இறங்கும்.

காப்பீடே வேண்டாம், அரசு லேபைப் பலப்படுத்தினால் போதும் என்பது இரண்டாம் தரப்பு. இதில் அதிக வலு இருப்பதாகவே தோன்றுகிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63, சமுதாய சுகாதார நிலையத்தில் 97, மாவட்ட மருத்துவமனையில் 134 சோதனைகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. வால்வு மாற்றியவரின் நீல மூடிக் குழாயும் அந்த வழியிலேயே திருக்கழுக்குன்றத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய்ச் சேரலாம். பி.டி. மாதிரியைக் குளிரூட்டாமல் 24 மணி நேரத்துக்குள் சோதித்தால் போதும். 30 கிலோமீட்டர் அதற்குத் தடையில்லை. விடையும் மாத்திரை அளவும் மருத்துவரிடமிருந்து கைபேசியில் திரும்பி வரலாம். ரத்தம் எடுக்கப் பயிற்சி பெற்ற கையும், கோடு வரை நிறைந்த குழாயும், தவறாமல் ஓடும் வண்டியும் வேண்டும். பணம் செல்ல வேண்டிய இடங்கள் இவை.

நோயாளியின் அட்டையைக் கேட்காமல் நோயின் அவசரத்தைப் பார்த்து அரசு பணம் தர முடியும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை வருமானம் பாராமல், எந்த ஊர்க்காரர் என்றும் பாராமல் ஏற்கிறது. விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு அந்த நேரத்தில் செய்யும் உறைதல் சோதனையும் அச்செலவில் அடக்கம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. அதை ஒட்டி ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது சிகிச்சைப் பட்டியலும் தொகுப்புத் தொகையும் மீண்டும் எழுதப்படும். செயற்கை வால்வு பொருத்தும் தொகுப்பில், அந்த நோயாளியின் ஐ.என்.ஆர். சோதனையை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு அல்லது தரச்சான்று பெற்ற லேபில் முன் அனுமதியின்றிச் செய்துகொள்ளலாம், அதற்கான தொகை இவ்வளவு, காலவரம்பு கிடையாது என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரியைக் கேட்க வேண்டியவர்கள் இதய அறுவை மருத்துவர்கள், மீனவர் சங்கங்கள், சட்டமன்ற உறுப்பினர்கள். பட்டியல் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்.